நுரை மருந்து

குற்றாலத்தில் சீசன் என்றால் முதலில் எண்ணெய், அப்புறம்தான் தண்ணீர். சாரலைப் பற்றியும் குரங்கைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். ஆனி, ஆடியில் வந்து இறங்குகிற கூட்டம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து மசாஜ் போட்டுக்கொள்ளும். அருவியில் பாதி போகும். மீதியை விடுதிக்கு வந்து வெந்நீரும் ஷாம்புவும் போட்டு வழித்துவிட்டு, அகோரப் பசியோடு பொரித்த கோழியிலும் புரோட்டாவிலும் போய் விழும். தேய்த்த எண்ணெய், பொரித்த எண்ணெய் எல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது எங்கே போகிறது என்று அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவன் லிங்கேஸ்வரன்.

மலையடிவாரத்தில் தோப்புக்குள் கட்டிய ஒரு ரிசார்ட்டில் அவனுக்குக் கழிவுநீர்த் தொட்டி வேலை. அறுபது அறைகளின் குளியலறை, கக்கூஸ், சமையல்கட்டு எல்லாவற்றின் தண்ணீரும் அவனிடம்தான் வரும். பெரிய தொட்டி ஒன்றில் அதை விட்டு, அடியிலிருந்து காற்றடிப்பார்கள். தொட்டிக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. காற்றைக் குடித்து அழுக்கைத் தின்று அவை வாழும். தின்று முடித்ததும் அடியில் சகதியாகப் படியும். மேலே தெளிந்த தண்ணீரில் குளோரின் போட்டு ஓடையில் விடவேண்டும். ஓடை சிற்றாற்றில் சேரும். காகிதத்தில் இவ்வளவுதான் வேலை. முப்பத்தெட்டு வயதில், டிப்ளமா படித்தவனுக்கு, கௌரவமான வேலை என்றுதான் லிங்கேஸ்வரன் நினைத்திருந்தான். ஊரில் கேட்டால் 'தண்ணி சுத்தம் பண்ணுத வேலை' என்று சொல்வான்.

ஆனால் இரண்டு வருஷமாகத் தொட்டி நுரைத்தது. சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக, பொசுக்கென்று அடங்குகிற நுரை இல்லை. காப்பி நிறத்தில், கெட்டியாக, முழங்கால் உயரத்துக்குப் பொங்கி நிற்கும். குச்சியால் குத்தினால் குழி விழும், குழி மூடாது. அது தொட்டியை வழிந்து, ஓடையில் இறங்கி, ஆற்றில் மிதந்து, தென்காசியையும் தாண்டிக் கிழக்கே போய், ஒரு தடுப்பணையில் இருந்து பிரிகிற வாய்க்காலில் குவியும். அந்த வாய்க்காலின் முதல் மடையில்தான் அவனுடைய அண்ணன் மந்திரமூர்த்தியின் வயல் இருந்தது. ஊரில் எத்தனையோ வாய்க்கால் இருக்க, அந்த நுரைக்கு அண்ணன் வீட்டு வாய்க்காலா கிடைக்கவேண்டும்?

மந்திரமூர்த்தி அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா செத்தபோது லிங்கேஸ்வரன் ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து அண்ணன்தான் அவனுக்கு எல்லாம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆனியில் கார் சாகுபடிக்கும் ஐப்பசியில் பிசான சாகுபடிக்கும் மடை திறக்கிற அன்றைக்கு, வாய்க்காலின் முதல் மடைக்காரன் வருகிற முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடிக்கவேண்டும். குடித்த பிறகுதான் மண்வெட்டி மண்ணில் இறங்கும். கீழ்மடைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் குடிக்கிற தண்ணீரைத்தான் உனக்கு விடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். சாமி கும்பிடுவதைவிட மந்திரமூர்த்திக்கு இது முக்கியம்.

இரண்டு வருஷமாக அவர் குடிக்கவில்லை. நுரை மிதக்கிற தண்ணீரில் கைவைக்கவே கூசியது. பெயருக்கு விரலை நனைத்துவிட்டு மடையைத் திறந்தார். அந்த இரண்டு வருஷமும் விளைச்சல் படுத்துவிட்டது. வாய்த் தண்ணீர் குடிக்காத தோஷம் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். ஊர் வேறு மாதிரி சொன்னது. கீழ்மடைக்காரர் மகாதேவன் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "வே மந்திரம், உம்ம தம்பி ஓட்டல்ல குளிச்ச தண்ணியா இது? நல்லா வாசமா இருக்கே!" என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. மந்திரமூர்த்தி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தம்பியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் மனைவி சந்தனமாரி மைனி சொல்லித்தான் லிங்கேஸ்வரனுக்குத் தெரியும்.

அது தெரிந்த பிறகுதான் அவன் மானேஜரை நச்சரித்து, தென்காசியில் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கும் ஸ்ரீவித்யாவை வரவழைத்தான். அந்த அம்மாள் வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. நுரையில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, கொண்டுவந்த நுண்ணோக்கியில் வைத்து, "வந்து பாருங்க சார்" என்றாள். அவன் கண்ணை வைத்தான். தலைமுடி உதிர்ந்து சிக்குப் பிடித்த மாதிரி இழை இழையாகக் கிடந்தது.

"இதுவும் நுண்ணுயிர்தான். ஆனா நீங்க வளக்கணும்னு நினைக்கிற ஜாதி இல்ல. இதுக்கு எண்ணெய்னா உயிர். உங்க தொட்டியில எண்ணெய் எக்கச்சக்கமா வருது, பழைய சகதியையும் நீங்க சரியா எடுக்கல. அதனால இது பெருத்துப் போச்சு. இது உடம்பு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், தண்ணியில ஒட்டாது. குமிழிகூட மேல ஏறி அது தோல்ல பின்னிக்கும். பந்தலுக்கு மூங்கில் கட்டுன மாதிரி குமிழியைத் தாங்கி நிறுத்திரும். வெறும் சோப்பு நுரைன்னா எப்பமோ உடைஞ்சிருக்கும்."

"அப்ப இந்த இழைதான் நோயைக் கொண்டுவருதா மேடம்?"

"இது நுரையைத்தான் நிறுத்துது. நோய்க்கிருமி கக்கூஸ்ல இருந்து வருது. தொட்டி கெட்டுப்போனதால அதுவும் சாகாம அப்படியே வெளிய போகுது. நீங்க போடுத குளோரின் அழுக்குலயே தீந்துபோகும், கிருமியைக் கொல்ல மிஞ்சாது. நுரை ஒரு அடையாளம் சார். உள்ள கெட்டுப்போச்சுன்னு வெளிய வந்து சொல்லுது."

வைத்தியமும் அவளே சொன்னாள். சமையல்கட்டுக் குழாயில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்று கட்டவேண்டும். இந்தத் தொட்டியின் பழைய சகதியை எல்லாம் அள்ளிவிட்டுப் புதிதாக வளர்க்கவேண்டும். அதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் அறைகளில் ஆளை வைக்கக்கூடாது.

இதைக் கேட்டு மானேஜர் முத்துகுமரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அவர் இனிமையான மனிதர், யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். "லிங்கேஸ்வரன், ஆனி மாசம் மூணு வாரம் மூடுன்னு சொன்னா, முதலாளி என்னைத்தான் மூடுவாரு. சீசன் முடியட்டும், செய்வோம். அதுவரைக்கும் நுரை கண்ணுல படக்கூடாது. போட்டோ எடுத்துப் போடுதானுவ" என்றார். மறுநாள் ஒரு கேன் வந்து இறங்கியது. பால் மாதிரி வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு திரவம். வேலைக்காரர்கள் அதற்கு நுரை மருந்து என்று பெயர் வைத்தார்கள்.

லிங்கேஸ்வரன் அரைக் குவளை எடுத்துத் தொட்டியில் ஊற்றினான். முழங்கால் உயரத்துக்கு நின்ற நுரை, அவன் கண்ணெதிரே அப்படியே உட்கார்ந்தது. கால் மணி நேரத்தில் ஒன்றுமில்லை. வெளியே போகிற குழாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டான். தண்ணீர் சும்மா மங்கலாக, சாதுவாகப் போயிற்று. உள்ளே இழை இருந்தது, கக்கூஸ் கிருமி இருந்தது, எண்ணெய் இருந்தது. எதுவும் குறையவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அரைக் குவளை இருந்தால் மறைக்கலாம் என்று அவன் அன்றைக்குத் தெரிந்துகொண்டான். அது தப்பு என்றும் தெரிந்துதான் இருந்தது. சீசன் முடியட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் மத்தியானம், அவன் தொட்டி விளிம்பில் குவளையோடு நிற்கும்போது அண்ணன் போன் பண்ணினார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏலே லிங்கு! வாய்க்கால்ல நுரையே இல்லலே! நாலு நாளா பாக்கேன், ஒரு பொட்டு கெடையாது. அடி மணல் தெரியுது. என்னலே செஞ்ச?"

"இங்கன தொட்டி சரியாயிட்டுண்ணே."

"நீதான சரி பண்ணுன?"

"ஆமாண்ணே."

"மகாதேவன் அண்ணாச்சி வாயே தொறக்கல, தெரியுமா? நான் டீக்கடையில சொல்லிட்டேன், என் தம்பி பாத்த வேலைன்னு." சற்று நிறுத்தி, குரலைத் தணித்துக் கேட்டார். "அப்ப தண்ணி சுத்தம்லா?"

லிங்கேஸ்வரன் கையிலிருந்த குவளையைப் பார்த்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். குடிச்சிராதண்ணே என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். அந்தக் குரலைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. நல்ல மனசுதான், என்ன செய்ய! நல்ல மனசு படைத்தவர்களால் இந்த உலகத்தில் எத்தனை குடி கெட்டிருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"சுத்தம்தாண்ணே" என்றான்.

வெள்ளிக்கிழமை மடை திறந்தார்கள். அவனுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் மகள் நிவேதா, கல்லூரியில் படிக்கிறவள், போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மந்திரமூர்த்தி முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். இரண்டு கையும் சேர்த்து ஏந்தியிருக்கிறார். ஒரு வாய் குடிக்கவேண்டிய இடத்தில் மூன்று வாய் குடித்தார், போன இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து என்று நிவேதா எழுதியிருந்தாள். லிங்கேஸ்வரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றும் ஆகாது, எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று நினைத்தான். பதிலுக்கு ஒரு கும்பிடு படத்தை அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை அவர் தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு, குளிர் காய்ச்சல். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. லிங்கேஸ்வரன் ஓடிவந்தபோது டாக்டர் ஜாஹிரா பீவி கட்டிலருகே நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வெளித் தண்ணி ஏதும் குடிச்சீங்களா ஐயா?"

"வாய்க்கால் தண்ணி குடிச்சேன் டாக்டர்" என்றார் மந்திரமூர்த்தி. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "ஆனா அதுல ஒண்ணும் இருக்காது. என் தம்பிதான் மேல சுத்தம் பண்ணி விடுதான். இந்தா நிக்கான், அவன்கிட்டயே கேளுங்க."

டாக்டர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். மைனி பார்த்தாள். நிவேதா பார்த்தாள். அண்ணன் அந்த நிலைமையிலும் லேசாகச் சிரித்துக்கொண்டு பார்த்தார். லிங்கேஸ்வரன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட அவசியம் ஏற்படவில்லை.

"அப்ப சாப்பாடுதான். முன்னாடி எங்கயும் விருந்துக்குப் போனீங்களா?" என்று டாக்டர் கேட்டார். போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அச்சன்புதூரில் ஒரு வளைகாப்பு. பழி அந்த வீட்டுத் தயிர்ச்சாதத்தின் மேல் போயிற்று. அதற்கு ஏற்ற மருந்தும் சொட்டுக் குளுக்கோஸும் ஏறின.

மறுநாள் மத்தியானம் சிறுநீர் நின்றுவிட்டது. லிங்கேஸ்வரன் டாக்டரின் அறை வாசலில் போய் நின்றான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். இழை, எண்ணெய், கக்கூஸ் தண்ணீர், அரைக் குவளை மருந்து, ஒன்றுவிடாமல். அந்த அம்மாள் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"நேத்து நான் உங்க முகத்தைப் பாத்துதான கேட்டேன்?"

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"கக்கூஸ் தண்ணின்னு தெரிஞ்சிருந்தா நேத்தே வேற மருந்து ஆரம்பிச்சிருப்பேன். நேத்தே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்." அவர் கத்தவில்லை. "வீட்டுல நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னார். எழுந்து ஆம்புலன்சுக்குச் சொல்லப் போனார்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிற வழியில் ஆலங்குளம் தாண்டும்வரை அண்ணனுக்கு நினைவு இருந்தது. லிங்கேஸ்வரன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை வாயெடுத்தான். அவர்தான் முந்திக்கொண்டார்.

"வயல்ல தண்ணி பாயுதாலே?"

"பாயுதுண்ணே."

அந்த மாதம் முழுக்க அண்ணனிடம் அவன் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதற்கு அப்புறம் சொல்ல ஆள் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

கொள்ளி அவன்தான் வைத்தான். சாம்பலை அதே ஆற்றில் கரைத்தார்கள். தண்ணீர் நுரையில்லாமல் ஓடியது. நல்ல மனுசன், ஆறுகூடத் தெளிஞ்சு கெடக்கு என்று யாரோ ஒரு ஆச்சி சொன்னாள். முங்கி எழுந்தபோது அவன் அழுதது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீருக்குள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான் என்பதும் தெரியவில்லை. தான் பிழைத்துக்கொள்ளத் தெரிந்துவைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

வேலையை விட்டானா என்று கேட்பீர்கள். விடவில்லை. இரண்டு தடவை கடிதம் எழுதினான். நான் போனால் இன்னொருவன் வந்து ஊற்றுவான், நான் இருந்தாலாவது சீசன் முடிந்ததும் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்வேன் என்று கிழித்துப் போட்டான். சீசன் முடிந்தது. முத்துகுமரன் துக்கம் விசாரித்தார், மாலை அனுப்பினார், தோளைத் தட்டினார். ஆனால் கார்த்திகையில் வருகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டத்துக்கு இப்போதே அறைகளைக் கேட்டிருந்தார்கள். தொட்டியை மூட முடியாது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் வாங்கிக் கொடுத்தார். நுரை மருந்தை அதுவே நேரத்துக்கு நேரம் சொட்டு விடும். இனி மனிதக் கையே தேவையில்லை.

ஐப்பசியில் பிசானத்துக்கு மடை திறக்கிற நாள் வந்தது. மகாதேவன் முதல் நாளே வீட்டுக்கு வந்தார். டீக்கடையில் பேசிய வாய்க்கு இப்போது ஈரம் வந்திருந்தது. "லிங்கம், ஒங்க வீட்டு வழக்கத்த விட்டுறக் கூடாதுப்பா. அண்ணன் எடத்துல நீதான் நிக்கணும். ஒன் கையால வாய்த் தண்ணி குடிச்சுத் தொறந்து விடு" என்றார். அவன் சரி என்றான். உடனே சரி என்றான். அந்த நாலு மாதத்தில் அவனுக்கு ஆறுதலாக இருந்த நினைப்பு அது ஒன்றுதான். அண்ணன் குடித்ததைத் தானும் குடித்துவிட வேண்டும். மூன்று வாய், வயிறு நிறைய. நடக்கிறது நடக்கட்டும்.

காலையில் வாய்க்கால் கரையில் இருபது பேர் நின்றார்கள். மைனி வெறும் கழுத்தோடு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயலை இனி அவள்தான் பார்க்கிறாள். தண்ணீர் வந்தது. ஒரு குமிழி இல்லை. லிங்கேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். குளிர்ச்சியாக, நல்ல தண்ணீர் போலவே காலில் மோதியது. குனிந்து இரண்டு கையும் சேர்த்து ஏந்தினான்.

பக்கத்தில் தண்ணீர் சளப்பென்றது. நிவேதா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தாள்.

"சித்தப்பா, இந்தத் தடவை நானும் குடிக்கேன். அப்பாவுக்காவ" என்று சொல்லிவிட்டு அவளும் குனிந்து அள்ளினாள். அப்பாவின் கை மாதிரியே நீளமான விரல்கள். தண்ணீர் உதட்டுக்குப் போயிற்று.

அவன் அந்தக் கையை அடித்தான். ஓங்கி அடித்துவிட்டான். தண்ணீர் அவள் முகமெல்லாம் தெறித்தது.

"குடிக்காதட்டி! துப்பு! வாயத் தொடை!" அவன் குரல் கரைவரை உடைந்து போயிற்று. "கக்கூஸ் தண்ணிட்டி இது! நுரை இல்லன்னா சுத்தம்னு யாரு சொன்னா? நான்தான் மருந்து ஊத்தி அமுக்கி வச்சிருக்கேன். அண்ணன் என்கிட்ட கேட்டாரு. சுத்தமான்னு கேட்டாரு. நான் சுத்தம்னு சொன்னேன். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

மகாதேவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நிவேதா அடிபட்ட கையை மற்றொரு கையால் பிடித்தபடி அவனையே பார்த்தாள். அழவில்லை. யாரோ ஒரு வேற்று ஆளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கரையேறினாள். திரும்பிப் பார்க்காமல் வரப்பிலேயே வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மைனி தன்னை அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அடிக்கவேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவள் தண்ணீரில் இறங்கி அவனருகே வந்தாள். பாதத்தில் பித்தவெடிப்பு இரண்டு விரல் நீளத்துக்கு இருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில அந்த அம்மா கேட்டாள்லா, தம்பி. அப்பமாது சொல்லியிருக்கலாம்லா."

"மைனி, நீங்க தண்ணியில நிக்காதீங்க, கால்ல வெடிப்பு..."

"வேற தண்ணி இருக்கா?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்காக நின்று பார்த்தாள். அவன் கரைப் பக்கம் திரும்பினான். கரையில் நின்ற கீழ்மடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மடையை அடைக்கச் சொல்லவில்லை. எல்லோருடைய நாற்றங்காலிலும் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

மைனி சேலையை இழுத்துச் செருகினாள். மண்வெட்டியை ஓங்கி மடையை வெட்டினாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு வயலுக்குள் இறங்கியது.